மேடமும் என் முதுகும்

ஆகஸ்ட் 11, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தது உதவி டைரக்டர் பெனிட்டா. "அண்ணா, மாடு என்ன தின்னுது, எவ்ளோ தண்ணி குடிக்குது, மூடு எப்படி இருக்குன்னு தினமும் எழுதிடுங்க. படத்துல மாட்டை யூஸ் பண்றோம்ல, விலங்கு நல போர்டுல ரெக்கார்டு கேப்பாங்க" என்றாள். சரி, எழுதுகிறேன்.

வைக்கோல் ஒரு கட்டு. தண்ணீர் இரண்டு வாளி. மூடு: தெரியவில்லை. என்னைப் பார்த்து ஒருமுறை பெருமூச்சு விட்டது.

மாட்டைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது. பக்கம் பெரிது. மிச்சத்தில் என்னைப் பற்றி எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. பெயர் தேசிங்கு. பிறந்தது செஞ்சிப் பக்கம், இருப்பது சாலிகிராமம், தொழில் சினிமாவில் டூப். மாடியிலிருந்து குதிக்கிற டூப் இல்லை. ஹீரோவுக்கு வேறு ஜோலி இருக்கும் நாட்களில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி நடக்கிற டூப். இருபத்து மூன்று வருடத்தில் அறுபத்தொரு படம். என் முதுகைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் இல்லை. முகத்தைப் பார்த்தவர்கள்தான் கம்மி.

இடம் திசையன்விளை தாண்டி ஒரு தேரிக்காடு. கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு மணல் மேடு, அங்கங்கே உடை என்கிற முள்மரம், பனை. படத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. அந்தக் காலத்து ஊமைப்படம் மாதிரி, கௌபாய்த் தொப்பி போட்ட ஒரு நாடோடி ஊர் ஊராகத் துரத்தப்படுகிறான். அவனோடு ஒரு பசுமாடு ஒட்டிக்கொள்கிறது. சிரிப்புப் படம். வாய் திறக்காத படத்தில் முகம் காட்டாத நடிகன்! ஒரு மனிதனை இதற்குமேல் எங்கே ஒளித்து வைப்பது?

ஹீரோ ரித்விக் இருபத்தைந்தாம் தேதிதான் வருவார். அதுவரை நாடோடியின் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நான் மாட்டோடேயே இருக்க வேண்டும். மாடு அந்த வேஷத்துக்குப் பழகிவிடும். ஹீரோ வந்து அதே வேஷத்தில் நின்றால் அவர் பின்னாலேயே போகும். இது டைரக்டர் நிரஞ்சனின் ஏற்பாடு. படித்த பிள்ளை, யோசித்துத்தான் செய்திருப்பார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வைக்கோல் ஒரு கட்டு. தண்ணீர் ஒன்றரை வாளி, அரை வாளியை என் காலில் கவிழ்த்தது. மூடு: திமிர்.

யூனிட் ஆட்கள் டவுனில் லாட்ஜில். எனக்கு மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம். யூனிட்டில் எல்லோரும் மாட்டை 'மேடம்' என்கிறார்கள், படத்தின் கதாநாயகி அல்லவா. "மேடம் சாப்ட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். நான் சாப்பிட்டேனா என்று கேட்ட ஆள் இல்லை. அதனாலென்ன, நானே போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

மேனேஜர் மணவாளனிடம் மாடு யாருடையது என்று கேட்டேன். வாடகைக்கு எடுத்தால் மாட்டுக்காரன் தினம் வந்து நிற்பான் என்று சந்தையில் விலைக்கே வாங்கிவிட்டாராம். மூன்று வருடமாகச் சினை பிடிக்காத மாடு, பால் கிடையாது. "ஷூட்டிங் முடிஞ்சதும் அதே தரகர் வந்து ஏத்திக்குவாரு" என்றார். எங்கே ஏற்றிப் போவார் என்று கேட்கவில்லை. கிராமத்தில் பிறந்தவன், பால் வற்றிய மாடு லாரியில் எங்கே போகும் என்று தெரியாதா.

ஆகஸ்ட் 14, வியாழன்

இந்தத் தேரிக்குத் தண்ணீர் கொடுப்பவர் தங்கபுஷ்பம் என்ற அம்மாள். மேட்டுக்கு மேற்கே அவருக்குக் கிணறும் முருங்கைத் தோட்டமும் உண்டு. ஐம்பத்தைந்து இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளைகள் மும்பையில். டிராக்டரில் டேங்க்கை வைத்து அவரே ஓட்டிக்கொண்டு வருகிறார். இன்று மாட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்த வெயில்ல எதுக்குக் கோட்டு?"

"மாடு பழகறதுக்கும்மா."

"மாடு கோட்டோட பழகி என்ன செய்யப் போவுது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சினிமா தெரியாதவரிடம் என்னத்தைச் சொல்ல.

வைக்கோல், தண்ணீர் வழக்கம்போல். பனம்பழம் ஒன்று விழுந்து கிடந்தது, பிய்த்துக் கொடுத்தேன். நாரை மட்டும் விட்டுவிட்டுச் சப்பித் தின்றது. மூடு: பரவாயில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

கோட்டுக்குள் வியர்த்து முதுகெல்லாம் வேர்க்குரு. மத்தியானம் கழற்றிவிட்டு உடை மர நிழலில் குந்திச் சொரிய முயன்றேன். கை எட்டவில்லை. முதுகின் நடுவில் ஒரு சாண் இடம் எந்தக் கைக்கும் எட்டாது. தனி ஆளாக இருக்கிறவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். குளிக்கும்போது சோப்பு போகாத இடம் அது. அப்போது பின்னால் வந்து ஒரு நாக்கு, உப்புத்தாள் மாதிரி, சரியாக அந்த இடத்தில் நக்கியது.

துள்ளி எழுந்தேன். மேடம் நின்றுகொண்டிருந்தாள். நான் மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி நக்கினாள். வேர்வையில் உப்பு இருக்கிறது, அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கால்மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அறுபத்தொரு படத்தில் வேலை செய்த முதுகு. யாரும் தொட்டதில்லை.

வைக்கோல் ஒரு கட்டு, பனம்பழம் இரண்டு. மூடு: நல்ல மூடு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேடம் இப்போது கயிறு இல்லாமலே பின்னால் வருகிறாள். நான் நின்றால் நிற்கிறாள். வாழைக்காய் பஜ்ஜியில் பாதி அவளுக்கு. மேட்டின் மேல் ஏறி எதிரொலி வருகிறதா என்று கத்திப் பார்த்தேன், வரவில்லை. அவள் ஒருமுறை கத்தினாள். ஏதோ பதில் வந்த மாதிரி இருந்தது.

கோட்டைத் துவைத்துப் போடலாமா என்று கேட்டேன். "வேணாண்ணா, அந்த அழுக்கு அப்படியே இருக்கணும். ஹீரோவுக்குத் தனியா ஒரு கோட்டு தச்சு, அதே கலர்ல அழுக்கு ஏத்தி வெச்சிருக்கோம்" என்றாள் பெனிட்டா. அழுக்குக்குக்கூட டூப் இருக்கிறது இந்தத் தொழிலில்!

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று எனக்கு ஐம்பது வயது. போன் எதுவும் வரவில்லை. தேரியில் சிக்னல் கிடையாது.

பெனிட்டா மேட்டின் மேல் நின்று நாற்பது நிமிடம் அவள் அம்மாவோடு பேசினாள். அவளுடையது வேறு கம்பெனி சிம் போலிருக்கிறது.

வைக்கோல் ஒன்றரைக் கட்டு. மேடத்துக்கு வெல்லம் ஒரு அச்சு, விசேஷ நாள் என்பதால்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஹீரோ வந்தார். கூடவே அவர் சென்ட் வாசனையும் வந்தது, அரை பர்லாங் முன்னாலேயே. நல்ல பையன்தான், "வணக்கம் சார்" என்றார் என்னைப் பார்த்து. புதுக் கோட்டு, புதுத் தொப்பி, ஏற்றி வைத்த அழுக்கு. முதல் ஷாட், நாடோடி மணலில் உட்கார்ந்திருக்கிறான், மாடு வந்து அவன் தோளில் முகத்தை வைக்கிறது.

நான் லைட்டுக்குப் பின்னால் டீயோடு நின்றேன். "ஆக்ஷன்" என்றார் நிரஞ்சன். மேடம் ஹீரோவின் அருகே போனாள். முகர்ந்தாள். தும்மினாள். அவரைத் தாண்டி, கேமராவைத் தாண்டி, ஒரு லைட்டைத் தள்ளிவிட்டு, நேரே வந்து என் டீயைக் குடித்தாள்.

யூனிட்டே சிரித்தது. நிரஞ்சன் சிரிக்கவில்லை. என்னை வேனுக்குப் பின்னால் போகச் சொன்னார். மேடம் வேனுக்குப் பின்னால் வந்தாள். வேனுக்குள் போகச் சொன்னார். மேடம் வேனின் கதவை முட்டினாள். ஹீரோவின் கையில் வெல்லம் கொடுத்துப் பார்த்தார்கள். வெல்லத்தைத் தின்றுவிட்டு வேனைப் பார்த்து நின்றாள். "சார், இவரு கோட்டையே போட்டுப் பாப்போமா?" என்று பெனிட்டா என் கோட்டைக் கழற்றி நீட்டினாள். ரித்விக் மூக்கருகே கொண்டுபோய், "சத்தியமா என்னால முடியாது, எனக்கு ஸ்கின் அலர்ஜி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆகமொத்தம் வேஷத்தைப் பழக்கப் போய் ஆளைப் பழக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் நிரஞ்சன் முடிவு செய்தார், மாடு வருகிற எல்லா ஷாட்டும் நாடோடியின் முதுகுப்பக்கமிருந்து. அதாவது நான். ரித்விக்குக்கு முகம் மட்டும், மாடில்லாமல், தனியாக. மாட்டின் முகம் எடுக்கும்போது நான் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவள் என்னைப் பார்ப்பாள். திரையில் அவரைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

என் வாழ்க்கையில் இது பெரிய வேஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மேடத்திடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தரகர் வந்தார். மேடத்தின் விலா எலும்பின் மேல் கையை வைத்து அழுத்தினார், தொடையைத் தட்டினார். "தேறியிருக்கே! எட்டாந்தேதி காலைல வண்டியோட வாரேன்" என்றார் மேனேஜரிடம். அவள் அவர் கையையும் நக்கினாள். ஒன்றும் தெரியாதவள்.

வைக்கோலைக் குறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எடை குறைந்தால் வேண்டாம் என்று விடுவாரோ? பைத்தியக்கார யோசனை. ஒன்றரைக் கட்டு போட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

மேனேஜரிடம் போய், "சார், மாட்டை நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

"எங்க வெச்சிக்குவ தேசிங்கு? சாலிகிராமத்துல மூணாவது மாடியிலயா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு என்னய்யா? யாராவது பேப்பர்ல கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டா தரகரை நான் சமாளிச்சுக்கிறேன். ஆனா கட்டறதுக்கு இடம் வேணும்ல" என்றார். நியாயமான மனுஷன்.

மூன்றாவது மாடி அறையில் எனக்கே கட்டில் கிடையாது. கூட இருக்கிற இரண்டு பையன்களும் காதில் எதையோ சொருகிக்கொண்டு படுத்திருப்பார்கள்.

செஞ்சியில் என் தம்பி கோதண்டத்துக்கு நிலம் இருக்கிறது, தொழுவம் இருக்கிறது. அவனைக் கேட்கலாம். பேசிக் கொஞ்ச நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தம்பிக்குப் போன் செய்தேன். (சிக்னல் இன்று கிடைத்தது.) ஒரு பெண்பிள்ளை எடுத்தது, சின்ன வயசுக் குரல்.

"கோதண்டம் இருக்காராம்மா? நான் தேசிங்கு பேசறேன்."

"எந்த தேசிங்கு?"

பின்னால் ஒரு மாடு கத்தியது. தொழுவம் நன்றாக இருக்கிறது போலும். நான் வைத்துவிட்டேன். நம்பர் மாறியிருக்கும்.

பதினொரு வருடம் ஆகிறது. நம்பர் மாறவில்லை. அந்தக் குரல் அண்ணி சாயலில் இருந்தது. எனக்கு அண்ணி இல்லை, தம்பி மனைவியின் சாயல் என்று எழுத வந்தேன். அந்தக் குழந்தையை நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 3, புதன்

தங்கபுஷ்பம் அம்மாளிடம் கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். தண்ணீர் டேங்க்கைத் திறந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பால் கெடையாது என்ன?"

"கெடையாதும்மா."

"பால் இல்லாட்டா என்ன, சாணி இருக்குல்லா. முருங்கைக்கு வெலைக்குத்தான் எரு வாங்குதேன்." எனக்கு உயிர் வந்தது. உடனே கையை நீட்டி நிறுத்தினார். "ஆனா ஒண்ணு அண்ணாச்சி. கெட்டுன எடத்துல நிக்கணும். அத்துக்கிட்டு ஓடுத மாட்டுக்குப் பின்னால இந்த மணல்ல ஓட எனக்குக் காலு கெடையாது. வெள்ளிக்கெழமை சாயங்காலம் கொண்டு கெட்டுங்க, பாப்பம்."

செப்டம்பர் 5, வெள்ளி

சாயங்காலம் கட்டிவிட்டு வந்தேன். ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி, கிணற்று மோட்டார் அறைச் சுவரில் கரியால் என் நம்பரை எழுதினேன். திரும்பும்போது அவளைப் பார்க்கவில்லை.

கூடாரம் இன்றைக்குத்தான் இவ்வளவு சின்னது என்று தெரிகிறது. காலியாக இருந்தால் பெரிதாக அல்லவா தெரிய வேண்டும்?

செப்டம்பர் 6, சனி

விடிந்ததும் கூடாரத்துக்கு வெளியே மூச்சு. கழுத்தில் கயிறு, கயிற்றின் முனையில் முளைக்குச்சி, கூடவே தங்கபுஷ்பம் அம்மாளின் வேலியில் பாதி. சந்தோஷமாக இருந்தது. அதைவிடக் கேவலமான சந்தோஷம் கிடையாது. நான் சந்தோஷப்பட்டதற்கு விலை அவள்.

பின்னாலேயே டிராக்டர் வந்தது. "பாத்தியளா? இது எனக்கு ஆவாது அண்ணாச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் படத்தின் கடைசி ஷாட். நாடோடி மாட்டை நல்ல இடத்தில் விட்டுவிட்டு, சூரியன் மறைகிற பக்கம் தனியாக நடந்து போகிறான். மாடு நின்று பார்க்கிறது. முதுகு நான்தானே. நடந்தேன். மேடம் பின்னாலேயே வந்தாள். நான்கு டேக். நான்கு தடவையும் வந்தாள். வெளிச்சம் போய்விட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மறுபடி சாயங்காலம். மூன்று டேக். காலைக் கட்டி நிறுத்தலாமா என்று யாரோ சொன்னார்கள், நிரஞ்சன் வேண்டாம் என்றுவிட்டார். "தேசிங்குண்ணா, நீங்க அவளைத் திட்டித் துரத்துங்களேன், சவுண்டு எடுக்கலை" என்றார். திரும்பி நின்று திட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையும் சொன்னேன். குரல் கேட்டதும் இன்னும் வேகமாக வந்து கையை நக்கினாள். ஒரு குச்சியை எடுத்தேன். ஓங்கவும் செய்தேன். அவள் அந்தக் குச்சியை முகர்ந்து பார்த்தாள். அப்புறம் என்னால் முடியவில்லை.

தங்கபுஷ்பம் அம்மாள் டிராக்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மணலில் உட்கார்ந்ததும் இறங்கி வந்தார்.

"காத்து எங்கருந்து அடிக்கு?"

"மேக்கேருந்து."

"நீங்க எங்க போறிய?"

"மேக்கதான்."

"பெறவு எப்படி நிக்கும்? நீங்க போவப் போவ ஒங்க வேர்வை நேரே அது மூக்குக்குள்ள வருது. மாட்டுக்குக் கண்ணு எங்க இருக்கு, மூக்குலதான இருக்கு. ஒரு மாசமா இந்த நாத்தம் புடிச்ச கோட்டைப் போட்டுக்கிட்டு அலையுதிய. அந்தக் கோட்டை அதுக்கு மேக்க, மரத்துல போட்டுட்டு, நீங்க கெழக்க பாத்துப் போங்க. கோட்டு வாசம் அதுக்கு வந்துக்கிட்டு இருக்கும். ஒங்க வாசம் போயிரும்."

"நின்னா நீங்க வெச்சிப்பீங்களாம்மா?"

"கோட்டையும் குடுத்தா வெச்சிக்கிடுதேன்."

நேரே நிரஞ்சனிடம் போனேன். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு டைரக்டரிடம் நான் யோசனை சொன்னது கிடையாது. இடதா வலதா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். "சார், கடைசி ஷாட்டை நாளைக்குக் காலைல, சூரியன் உதிக்கிற பக்கம் எடுப்போம். நான் கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு நடக்கறேன்" என்றேன். நாடோடி எப்போதும் மறைகிற சூரியனை நோக்கித்தான் போக வேண்டும், அதுதான் இந்த மாதிரிப் படத்துக்கு அழகு என்றார் அவர். "சார், லாரி நாளைக்குக் காலைல வருது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நேராகப் பார்த்தார். "காலைல அஞ்சே முக்காலுக்கு ரெடியா இருங்க" என்றார்.

வைக்கோல் இரண்டு கட்டு. பனம்பழம் மூன்று. மூடு: என்னுடையதை எழுத வேண்டாம்.

செப்டம்பர் 8, திங்கள்

லாரி ஐந்தரைக்கே வந்து ரோட்டோரம் நின்றது. தரகர் இறங்கி, ஷூட்டிங் பார்க்கிற ஆசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் கையில் பேப்பர். தங்கபுஷ்பம் அம்மாள் முருங்கைத் தோட்டத்து முனையில், உடை மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி.

மேடத்தைக் கூட்டிப்போய் மரத்தடியில் நிறுத்தினேன். கேமரா ஓட ஆரம்பித்தது. தொப்பியைக் கழற்றினேன், பிறகு கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினேன். உள்ளே பனியன் மட்டும்தான். அவள் கழுத்தைத் தடவ வேண்டும் என்று கை போனது. தடவினால் கையோடேயே கிளம்பி வந்துவிடுவாளே என்று கையை இழுத்துக்கொண்டேன். திரும்பினேன். நடந்தேன்.

முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நடப்பதுதான் என் தொழில். அதில் எனக்கு ஒருநாளும் கஷ்டம் இருந்ததில்லை. இன்று ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. திரும்பினால் ஷாட் போய்விடும். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டால் பின்னாலேயே வந்து, லாரிக்குப் போய்விடுவாள். மணலில் குளம்புச் சத்தம் கேட்காது. பேச்சுக் கேட்டால் மாடு கலையும் என்று நிரஞ்சன் எல்லோரையும் வாயை மூடச் சொல்லியிருந்தார். காற்று மட்டும் முதுகில் அடித்தது, ஈர நாக்கு பட்ட மாதிரி இருந்த ஒவ்வொரு தடவையும் அவள்தான் என்று நினைத்தேன். வரக் கூடாது என்று வேண்டினேன். வந்துவிடு என்றும் வேண்டினேன். இரண்டையும் சேர்த்தே வேண்டினேன், பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

மேட்டின் உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் இறங்கியும் நடந்துகொண்டே இருந்தேன். "கட்" சொன்னது எனக்குக் கேட்கவில்லையாம். பெனிட்டாதான் ஓடி வந்து கையைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நின்னுட்டாண்ணா. கோட்டை நக்கிட்டே நிக்கிறா" என்றாள்.

தங்கபுஷ்பம் அம்மாள் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். லாரி காலியாகப் போனது. நான் விடைபெறப் போகவில்லை. போனால் எல்லாம் கெட்டுவிடும். மேட்டைச் சுற்றிக் கிழக்குப் பக்கமாகவே வேனுக்குப் போனேன். காஸ்ட்யூம் ஆள் கோட்டு எங்கே என்று கத்தினான். தொலைந்துவிட்டது என்றேன்.

அழுதேன். எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

வைக்கோல், தண்ணீர்: இனி தெரியாது.

செப்டம்பர் 20, சனி

சாலிகிராமம். நோட்டைப் பெனிட்டாவிடம் கொடுக்கப் போனேன். நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தாள். "இதை ரெக்கார்டுல வெக்க முடியாதுண்ணா, நான் வேற எழுதிக்கிறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சிக்னல் இங்கே நன்றாக இருக்கிறது. போன் வரவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

படத்தை முதல்முறையாகப் போட்டுக் காட்டினார்கள். சின்ன அரங்கு, நூறு பேர் இருக்கும். மேடம் டீ குடித்த இடத்தையும் படத்தில் சேர்த்திருந்தார்கள், நல்ல சிரிப்பு. கடைசி ஷாட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. பனியன் போட்ட ஒரு முதுகு, வேர்க்குருத் தழும்போடு, சூரியனுக்குள் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் மேடம் கோட்டில் முகத்தைப் புதைத்து நின்றாள். அவள் இப்படித்தான் நின்றாள் என்று இன்றுதான் பார்க்கிறேன்.

முடிந்ததும் ஒருவர் எழுந்து, "கோட்டைக் கழட்டி விட்டுட்டுப் போறான் பாருங்க, அங்கதான் சார் படமே இருக்கு. எப்படித் தோணிச்சு?" என்று நிரஞ்சனைக் கேட்டார். "எனக்குத் தோணலை. தேசிங்குண்ணனுக்குத் தோணிச்சு. அந்த முதுகும் அவரோடதுதான். அண்ணா, எழுந்திருங்க" என்றார் அவர்.

எழுந்தேன். கை தட்டினார்கள். பழக்க தோஷம், அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டேன். இன்னும் அதிகமாகத் தட்டினார்கள்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் போன் அடித்தது. என்னுடையது என்று தெரிய நேரம் ஆனது.

"அண்ணாச்சி, நான் தங்கபுஷ்பம். சொவத்துல இருந்த நம்பரைப் பாத்துப் போடுதேன். ஒங்க மேடம் கோட்டைத் தின்னுட்டா."

"என்னது?"

"தின்னுட்டா. தெனமும் நக்கி நக்கி, முந்தாநாத்து முழுசா உள்ள தள்ளிட்டா. பித்தானை மட்டும் துப்பிப் போட்டிருக்கா, எடுத்து வச்சிருக்கேன்."

"வயித்துக்கு ஒண்ணும் ஆகலியே?"

"அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கா. ஆனா நேத்தைலருந்து கெழக்கயே பாத்துக்கிட்டு நிக்கா. தீவனத்துல வாய் வைக்கல. ஒங்க பழைய சட்டை ஏதும் கெடந்தா கொரியர்ல போடுங்க."

போடுகிறேன் என்றேன். அவர் போனை வைக்கவில்லை. டிராக்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இல்ல, கொண்டுக்கிட்டு வாரதுன்னாலும் வாங்க. மோட்டார் ரூமு சும்மாத்தான் கெடக்கு. முருங்கைக்குத் தண்ணி பாய்ச்சவும் ஆளில்ல" என்றார்.

"சட்டையோட ஆளும் வரலாமாம்மா?" என்று கேட்டேன்.

"அதத்தான சொல்லுதேன்" என்றார்.

பிப்ரவரி 12, வியாழன்

நான்கு நாளாக ஒரே சட்டை. அறையில் இருக்கிற பையன்கள் இரண்டு பேரும் காதில் இருப்பதைக் கழற்றிவிட்டு, "அண்ணே, தயவுசெஞ்சு குளிங்கண்ணே" என்றார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் என்னோடு பேசிய முதல் வார்த்தை. முடியாது என்றேன். நாளைக்கு பஸ்.